எந்தப் பக்கம் பின்னால் சாய்வது? மலைக்காரர்களுக்கு ஸ்னோபோர்டு பாடம்

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். ஊட்டிக்காரர் ஒருவர் குல்மார்க் மைதானத்தில் போய் நின்றால், தன் ஊர் மலையுச்சியின் உயரத்தில்தான் நிற்கிறார். அங்கே பிப்ரவரியில் இடுப்பளவுக்குப் பனி கிடக்கும். இங்கே தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் புல் வெளுத்திருக்கும். வெயில் ஏறியதும் அதுவும் போய்விடும்.

உயரம் ஒன்றானாலும் இடம் வேறு. ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே, குல்மார்க் 34 டிகிரி வடக்கே. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் ஈரக் காற்று இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. நீலகிரியில் குளிர் வரும் மாதங்களில் மழை ஓய்ந்துவிடும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, பள்ளத்தில் தேங்கிய காற்றின் ஈரம் புல்லின் மேல் உறைகிறது. அதுதான் நம் உறைபனி. தேயிலையைக் கருக்கப் போதும், பலகை வைத்துச் சறுக்கப் போதாது.

ஆகவே ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிப் பக்கவாட்டில் நின்று பனியில் சறுக்குவது, கற்க நீலகிரிக்காரரும் கொடைக்கானல்காரரும் வடக்கே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போவதில்லை. சரிவில் ஏறி இறங்கிய கால் இருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேல் மூச்சு விட்டுப் பழகிய நெஞ்சு இருக்கிறது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

மலையை வாசிப்பது

பெரிய பனிச்சறுக்கு மையம் என்றால் ஒரே ஒரு சரிவு இருக்காது. மலை முழுக்கத் தடங்கள் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் நிறமும் கொடுத்து, மேலே கொண்டுபோக லிஃப்டுகள் போட்டு வைத்திருப்பார்கள். கனடாவின் விஸ்லர் பிளாக்கோம்பில் 200க்கும் மேற்பட்ட தடங்கள் உண்டு. முதல்நாள் வந்தவரும் இருபது வருடப் பழக்கமுள்ளவரும் ஒரே மலையில் வெவ்வேறு வழிகளில் இறங்குவார்கள்.

வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் வழி தெரிந்தவர்களுக்கு மட்டும். ஐரோப்பாவில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு வரும். ஆஸ்திரியா போன்ற நாடுகளில் பச்சையே கிடையாது, நீலத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும். வட அமெரிக்கக் கணக்கில் பொதுவாகப் பச்சைத் தடம் 25 சதவீதச் சரிவுக்குள் இருக்கும். நீலம் 25 முதல் 40 வரை, கறுப்பு அதற்கு மேல். 25 சதவீதம் என்றால் கிடையாக 100 மீட்டர் போவதற்குள் 25 மீட்டர் இறங்குவது, கோணத்தில் 14 டிகிரி.

கேட்கச் சின்ன எண்ணாக இருக்கிறதா? கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். பல் சக்கரம் போட்டு ஏற்ற வேண்டியிருந்த அந்தப் பாதையின் உச்சபட்சச் சரிவு 12க்கு 1, அதாவது எட்டேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து டிகிரி கூட இல்லை. ரயிலுக்கு மலைப்பான அந்தச் சரிவுதான் ஸ்னோபோர்டில் முதல் மணி நேரத்துப் பாலர் வகுப்பு. எளிது என்று எழுதிய பச்சைத் தடம் அதைப்போல மூன்று மடங்கு வரை சாய்ந்திருக்கலாம். முதல் நாளே பச்சைத் தடத்தின் உச்சிக்குப் போய் நின்று விழி பிதுங்குபவர்கள் பலர். நிறத்தை மட்டும் பார்த்து ஏறியவர்கள் அவர்கள்.

நிறம் அந்த மலைக்குள்ளேயே செய்த ஒப்பீடு என்பதையும் மறக்கக் கூடாது. ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் கறுப்பாக இருக்கலாம். அன்றைய பனி எப்படி என்றும் நிறம் சொல்லாது. பகலில் இளகி இரவில் இறுகிய பச்சைத் தடம், காலை ஒன்பது மணிக்குச் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். அதே நாள் பதினொன்றரைக்கு நீலத் தடம் கூட மெத்தென்று வழிவிடும். புதியவர்கள் அதிகாலையில் போய் வரிசையில் நிற்பதைவிட, வெயில் பட்டுக் கொஞ்சம் இளகிய பிறகு போவது நல்லது.

வரைபடத்தில் ஏறும் வழியைப் பார்ப்பதற்கு முன் இறங்கும் வழியைப் பாருங்கள். நல்ல மையங்களில் உயரத்திலிருந்தே பச்சைத் தடம் ஒன்று சுற்றிச் சுற்றி அடிவாரம் வரை வரும். எல்லா லிஃப்டுக்கும் அப்படி இருக்காது. குல்மார்க்கில் கோண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கோங்டூரியில் நிற்கும். இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையில் 4,000 மீட்டரை நெருங்கிவிடும். அந்த மேல்பாதி செதுக்கிய தடமில்லாத வெறும் மலை, தேர்ந்தவர்களுக்கானது. குல்மார்க்கில் அடிவார மைதானம் கற்பவர்க்கு அருமை, உச்சி கெட்டிக்காரர்க்கு அருமை. நடுவில் உள்ளவர்க்குத்தான் இடம் குறைச்சல். முதல் பயணத்துக்கு அது குறையே இல்லை. இரண்டாம் மூன்றாம் வருடம் தெரியும்.

இன்னொன்று: வரைபடத்தில் நீளமாக, வளைவில்லாமல், சமதளமாகப் போகும் மெல்லிய கோடுகள் இருக்கும். அவை இணைப்புப் பாதைகள். காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை கட்டும் ஸ்கீக்காரர் கையில் இரண்டு கோல் இருக்கும், உந்திக்கொண்டு போவார். ஸ்னோபோர்டுக்காரருக்குக் கோல் கிடையாது. அங்கே நின்றுவிட்டால் ஒரு காலைக் கழற்றி நொண்டியடித்துத்தான் போக வேண்டும்.

காலில் போடுவது

சாமான் மூன்றே மூன்று: பூட்ஸ், அதைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், பலகை. வாடகைக்கே எடுங்கள். இந்த மூன்றில் அதிக நேரம் பூட்ஸுக்குக் கொடுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் தொடாமல் விலக வேண்டும். முன்பக்கம் சாய்ந்து பார்க்கும்போது குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட்ஸ் பெரியது. "லூஸா இருந்தாத்தான் வசதி" என்று எடுத்துவிட்டால் குதிகால் ஆடும், நீங்கள் கொடுக்கும் அழுத்தம் பலகைக்குப் போய்ச் சேராது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடுவது அடுத்த தவறு. சாக்ஸ் மடிந்து கொப்புளம் வரும், இறுக்கத்தில் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் ஒன்று போதும்.

பலகையை நிறுத்தினால் நுனி உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும். புதியவருக்குத் தாடைப் பக்கம் நல்லது, குட்டையான பலகை சட்டென்று திரும்பும். உண்மையில் உயரத்தைவிட எடைதான் கணக்கு. ஒல்லியானவருக்கு நீளப் பலகை வளையாது, கனத்தவர் குட்டைப் பலகையில் மூழ்குவார். கால் பெரியவர்கள் அகலத்தையும் பார்க்க வேண்டும். பூட்ஸ் பலகைக்கு வெளியே இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கலாம். ரொம்ப நீட்டினால் பலகையைச் சாய்க்கும்போது பூட்ஸ் நுனி பனியில் உரசி உங்களைத் தூக்கி எறியும்.

எந்தக் கால் முன்னால்? வீட்டில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வழவழப்பான சிமெண்டுத் தரையில் ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். தானாக எந்தக் கால் முன்னால் வருகிறதோ அதுதான். இடதுகால் முன்னால் வந்தால் அதை ரெகுலர் என்பார்கள், வலதுகால் வந்தால் கூஃபி. இரண்டில் உயர்வு தாழ்வு இல்லை. இதை ஊரிலேயே முடிவு செய்துகொண்டு போனால் வாடகைக் கடையில் கால் மணி நேரம் மிச்சம். கடைக்காரரிடம் பைண்டிங் இடைவெளியைத் தோள் அகலத்தைவிடச் சற்றே கூட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் வாத்து நடை போல வெளிநோக்கி 15 டிகிரி வரை திரும்பியிருப்பது தொடக்கத்துக்கு வசதி. பட்டைகளை இழுத்துப் பாருங்கள், திருகு ஏதாவது ஆடுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பலகையின் இரும்பு விளிம்பில் விரலை வைத்துத் தடவாதீர்கள், வெட்டும். நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் லேசாகச் சீவினால் விளிம்பு கூராக இருக்கிறது.

தலைக்கவசம் கட்டாயம். மணிக்கட்டுக் காப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்று பிறகு வருகிறது. உடுப்பில் ஒரே விதி: தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு லிஃப்டில் உட்காரும்போது உடம்பை உறைய வைப்பது பருத்தி பனியன்தான். உள்ளே கம்பளியோ பாலியஸ்டரோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேண்டும். ஊட்டியில் டிசம்பர் முழுக்கப் போட்டுச் சமாளித்த ஸ்வெட்டர் நடுத்துணியாக மட்டும் உதவும். வெளித்துணியாகப் போட்டால் பனி ஒட்டி, உருகி, ஊறிவிடும். வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கீழிருந்து வரும் வெயில் மூக்கின் அடியையும் தாடையின் அடியையும் பொசுக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் இருந்தால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும்.

விளிம்பு என்னும் ஒரே விஷயம்

ஸ்னோபோர்டில் பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. பலகையின் இரண்டு நீளப் பக்கத்திலும் பதித்த இரும்பு விளிம்புதான் எல்லாம். ஒன்று குதிகால் பக்கம், மற்றது கால்விரல் பக்கம். பலகை தட்டையாகக் கிடந்தால் பனியில் வழுக்கும். ஒரு விளிம்பைச் சாய்த்து அழுத்தினால் பனியைக் கடித்து நிற்கும். கொஞ்சம் தளர்த்தினால் மெல்ல வழுக்கும். இந்தத் தளர்த்தலும் அழுத்தலும்தான் வித்தை.

முதலில் சரிவின் திசையைப் பழகிக்கொள்ள வேண்டும். நின்ற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடுமோ அது இறக்கத் திசை. அதற்குக் குறுக்கே, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் போகும் கோடு ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டத்தில் மண் அரிக்காமலிருக்கச் செடி வரிசையை எந்தப் போக்கில் நடுகிறார்களோ அதே போக்கு. பலகை தேயிலை வரிசை மாதிரிக் குறுக்கே கிடந்தால் நிற்கும். ஓடை மாதிரி இறக்கத் திசையைப் பார்த்தால் ஓடும். நடுவே சாய்வாக வைத்தால் சரிவில் குறுக்காகப் போகும்.

இனி படிகள். முதலில் சமதரையில் முன்காலை மட்டும் கட்டிக்கொண்டு, பின்காலால் தள்ளி நகர்வது. அலுப்பாக இருக்கும், ஆனால் லிஃப்டில் ஏறவும் இறங்கவும் இதுதான் வேண்டும். அரை மணி நேரம் கொடுங்கள்.

அடுத்து இரண்டு காலையும் கட்டி, மலைக்கு முதுகு காட்டி, பள்ளத்தைப் பார்த்து நின்று குதிகால் விளிம்பில் வழுக்குவது. பலகை குறுக்கே. விரலை மேலே தூக்கினால் நிற்கும், இரண்டு பாதத்தையும் ஒரே அளவு தாழ்த்தினால் மெல்ல இறங்கும். முதுகு நேராக, முழங்கால் மடங்கி, நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரி. இடுப்பில் மடிந்து குனிந்தால் எடை பள்ளத்துப் பக்கம் போய் விளிம்பு விட்டுப்போகும்.

பிறகு அதே விளிம்பில் இடமும் வலமும் போவது. இடது பாதத்தில் எடை வைத்தால் இடப்பக்கம் சாய்வாகப் போகும், வலதுக்கு மாற்றினால் வலப்பக்கம். காற்றில் ஆடி ஆடி விழும் இலை மாதிரி இருப்பதால் இதற்கு விழும் இலை என்றே பெயர். இது வந்துவிட்டால் எந்தப் பச்சைத் தடத்திலிருந்தும் உயிரோடு இறங்கிவிடலாம். பிறகு மலையைப் பார்த்து நின்று, பள்ளத்துக்கு முதுகு காட்டி, விரல் விளிம்பில் இதையே செய்வது. இது பயமாக இருக்கும், போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கெண்டைக்கால் கொஞ்சம் வலித்தாலும் விரல் விளிம்பில் பிடிமானம் நன்றாகவே கிடைக்கும். தாடையை மலைப் பக்கம் வைத்து, முழங்காலையும் இடுப்பையும் முன்னே தள்ளுங்கள்.

இத்தனையும் முதல் நாள். குதிகால் விளிம்பில் வழுக்கி இறங்குவது மட்டும் வந்துவிட்டால் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். குன்னூர் காட் ரோட்டில் மேட்டுப்பாளையம் வரை பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிற டிரைவர் மாதிரிதான் அது. பர்லியார் வருவதற்குள் பிரேக் சூடேறி வாசம் வரும். இங்கே தொடை எரியும். காட் ரோடு தெரிந்தவர் செகண்ட் கியரில் விட்டு, வளைவில் வேகத்தைக் கரைப்பார். மலைச்சாலை ஏன் கொண்டை ஊசி வளைவு போட்டு இறங்குகிறது? நேரே இறங்கினால் தாங்காது என்பதால் குறுக்கே போய், திரும்பி, மறுபடி குறுக்கே போகிறது. கல்லட்டியில் 36 வளைவு இருப்பது அதனால்தான். ஸ்னோபோர்டிலும் வேகத்தைக் குறைக்கும் வழி அதுவே: குறுக்கே போ, திரும்பு, மறுபடி குறுக்கே போ. பயம் வந்தால் வளைவை முடித்துக் கொஞ்சம் மேல்நோக்கியே பலகையைத் திருப்பிவிடுங்கள், தானாக நிற்கும்.

அந்தத் திரும்பும் இடத்தில்தான் மலைக்காரரின் கெட்ட பழக்கம் வந்து நிற்கிறது.

இரண்டு 'பின்னால்'

மழை நாளில் தேயிலைத் தோட்ட ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறவரைப் பாருங்கள். குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இறங்குவார். சின்ன வயதிலிருந்து உடம்பு கற்றது. வழுக்கினால் பின்பக்கமாக உட்கார்ந்துகொள்ளலாம், முன்னால் போனால் மூக்குடையும்.

நடக்கும்போது பின்னால் ஒன்றுதான். ஸ்னோபோர்டில் இரண்டு. நீங்கள் பக்கவாட்டில் நிற்கிறீர்கள். ஆகவே முதுகுப் பக்கம் என்பது குதிகால் விளிம்பின் பக்கம். பலகையின் வால் பக்கம் என்பது உங்கள் பின்காலின் பக்கம். முதுகுப் பக்கம் உட்கார்வது குதிகால் விளிம்பில் நிற்க வேண்டியதுதான், அங்கே தோட்டத்து வழக்கம் உதவும். மலைக்காரர்கள் குதிகால் வழுக்கலைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வது அதனால்தான். ஆனால் திரும்பும்போது பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி, இறக்கத் திசையைப் பார்க்கும். பள்ளம் கண்ணெதிரே விரியும். உடம்பு பழைய நினைப்பில் பள்ளத்தைவிட்டுப் பின்வாங்கி, எடையைப் பின்காலுக்குத் தள்ளும். அங்கேதான் காரியம் கெடும்.

எடை பின்காலுக்குப் போனதும் பலகையின் மூக்கு லேசாகிவிடும். மூக்குப் பக்க விளிம்பு பனியைக் கடிக்காது. கடிக்காத விளிம்பு திரும்பாது. திரும்பாத பலகை இறக்கத் திசையைப் பார்த்தபடியே ஓடி வேகம் பிடிக்கும். வேகம் கூடப் பயம் கூடும், பயம் கூட இன்னும் பின்னால் சாய்வார். பிறகு பின்காலால் வாலை உதைத்துத் திருப்பப் பார்ப்பார். பலகை குறுக்கே வந்து நின்றால் அதிர்ஷ்டம்.

முன்காலில் எடை வைத்தால் நடப்பது வேறு. மூக்கு தானாக இறக்கத்தை நோக்கி இழுபடும், வால் லேசாகிச் சுற்றி வரும். திருப்பத்தின் முதல் பாதியைப் புவியீர்ப்பே செய்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது மூன்று: முன்காலில் பத்தில் ஆறு பங்கு எடை, பார்வை போக வேண்டிய பக்கம், மூக்கு இறக்கத்தைப் பார்த்த பிறகு புது விளிம்புக்கு அழுத்தம். ஒரு நொடி பலகை தட்டையாக நேரே ஓடும். அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொள்வதுதான் ஸ்னோபோர்டில் தைரியம் என்று சொல்லத்தக்க ஒரே இடம்.

முன்காலில் எடை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: முன்கால் பக்கத்துக் கையை முன்முழங்காலுக்கு மேலே வைத்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆழமான புதுப்பனியில் மட்டும் மூக்கு புதையாமலிருக்க எடையைச் சற்றே பின்னால் கொண்டுபோவார்கள். யாரோ வீடியோவில் அப்படிச் செய்வதைப் பார்த்து முதல் நாள் சமன்செய்த தடத்தில் செய்யாதீர்கள்.

விளிம்பு மாட்டுவது, விழுவது

கற்பவரைக் கசக்கிப் போடும் விழுதல் ஒன்று உண்டு, அது வேகத்தில் வருவதல்ல. மெல்லத் தட்டையாக வழுக்கிக்கொண்டிருக்கும்போது பள்ளத்துப் பக்கத்து விளிம்பு ஒரு நூல் தாழ்ந்து பனியில் மாட்டும். பலகை அந்த இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் சாட்டை மாதிரிச் சுழன்று தரையில் அறையும். குதிகாலில் இறங்கும்போது மாட்டினால் முன்னால் விழுவீர்கள், முழங்காலும் கையும் தாங்கும். விரல் விளிம்பில், பள்ளத்துக்கு முதுகு காட்டி இறங்கும்போது மாட்டினால் பின்மண்டை தரையில் மோதும். தலைக்கவசம் கட்டாயம் என்றது இதற்காக. விதி ஒன்றே: ஓடும்போது எப்போதும் மேட்டுப் பக்கத்து விளிம்பில் நில்லுங்கள். நன்றாகச் சமன்செய்த சமதளத்தில்தான் இது அதிகம் நடக்கும், அங்கேதான் கவனம் தளரும்.

விழும்போது கையை விரித்து ஊன்றாதீர்கள். புதியவர்களுக்கு மணிக்கட்டு முறிவதே அதிகம், ஊன்றிய கைதான் காரணம். முன்னால் விழுந்தால் முஷ்டியை மடக்கி முன்னங்கை முழுக்கப் படும்படி விழுங்கள். பின்னால் என்றால் தாடையை நெஞ்சில் ஒட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து முதுகில் உருளுங்கள். கைகளை நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம். எழும்போது குப்புறத் திரும்பி விரல் விளிம்பில் எழுவது, உட்கார்ந்து எழுவதைவிடப் பாதி உழைப்பு.

லிஃப்ட்

தரையோடு ஊரும் பட்டை, தொடைக்கு நடுவே கம்பை வைத்து இழுபடும் கயிறு, நாற்காலி, மூடிய கோண்டோலா என்று நான்கு வகை பார்க்கலாம். பட்டையில் பிரச்சினையே இல்லை. இழுவைக் கயிறு ஸ்கீக்காரருக்காகச் செய்தது, பக்கவாட்டில் நிற்பவர்க்குத் தொடையில் அரைக்கும். அதில் உட்காரப் பார்த்தால் கீழே விழுவீர்கள், நின்றபடியே இழுபட வேண்டும்.

நாற்காலியில் பின்காலைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஏறுவது எளிது, இறங்குவதில்தான் குவியல் குவியலாக விழுவார்கள். மேலே வரும்போது பலகையின் மூக்கை நேராக்குங்கள். தரை தொட்டதும் பின்காலைப் பின்பைண்டிங்கை ஒட்டிப் பலகைமேல் வையுங்கள். எழுந்து நின்று, தூரத்தைப் பார்த்து, நேரே வழுக்கிப் போங்கள். குனிந்து காலைப் பார்த்தால் விழுவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பிடித்தால் இருவரும் விழுவீர்கள். விழுந்தால் உடனே உருண்டு ஒதுங்குங்கள், அடுத்த நாற்காலி சில நொடியில் வரும்.

மலையில் மரியாதை, மலையின் கோபம்

முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும், முன்னவர் எப்படித் திரும்பினாலும் சரி. நிற்பதென்றால் தடத்தின் ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். மேட்டுக்கு அடியில் உட்கார்ந்து கதை பேசுவது, காட் ரோட்டில் வளைவில் வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுப்பது மாதிரி. மறுபடி புறப்படும்போது மேலே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கயிறு கட்டி அடைத்த இடத்துக்கு அப்பால் போகாதீர்கள். அவலாஞ்ச் என்றால் ஆங்கிலத்தில் பனிச்சரிவு. ஊட்டிக்குப் பக்கத்தில் பனியே விழாத அவலாஞ்சிக்கு ஏன் அந்தப் பெயர்? முன்பு அங்கே நடந்த பெரிய மண்சரிவால் வந்தது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்ததை நீலகிரி மறந்திருக்காது. நனைந்து கனத்த மண், கீழே உள்ள இறுகிய அடுக்கின் மேல் பிடி விட்டுப்போவதுதான் சரிவு. பனிச்சரிவும் பெரும்பாலும் அப்படியே: பழைய பனியின் பலவீனமான அடுக்கின் மேல் புதுப்பனி கனமாக விழுந்து, பாளமாகக் கழன்று வரும். 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் இது அதிகம். பெரும்பனி கொட்டிய அடுத்த ஒன்றிரண்டு நாள் மிக ஆபத்து. அன்றுதான் மலை அழகாகவும் இருக்கும். தடத்துக்கு வெளியே போகிறவர்கள் உடம்பில், புதைந்தால் இடம் காட்டும் சமிக்ஞைக் கருவியும், பையில் மண்வெட்டியும் நீளக் குத்துகோலும், கூட அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வைத்திருப்பார்கள். முதல் இரண்டு வருடம் உங்களுக்கு அங்கே வேலையில்லை. மரத்தடிகளையும் தவிருங்கள். அடர்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக எழ முடியாது.

எப்போது, எத்தனை நாள்

குல்மார்க்குக்கு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். பொங்கல் விடுமுறையை நம்பி முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். 2024 ஜனவரியில் அங்கே பனியே இல்லாமல் புல் காய்ந்து கிடந்தது, பிறகுதான் பெய்தது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கடைசி ஏற்றம் தங்மார்க்கிலிருந்து தொடங்கும். பனி கொட்டினால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் மேலே போகும், அதற்காக அரை நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தராகண்டின் அவுலியும் கற்பவருக்கு ஏற்ற சரிவுதான்.

நாள் கணக்கில் ஐந்து வேண்டும். முதல் நாள் விழுவீர்கள். இரண்டாம் நாள் காலையில் கழுத்து, வயிறு, மணிக்கட்டு எல்லாம் வலிக்க, முதல் நாளைவிட மோசமாக விழுவீர்கள். பாதிப் பேர் கைவிடுவது அன்றைக்குத்தான். மூன்றாம் நாள் திடீரென்று இரண்டு திருப்பங்கள் சேர்ந்து வரும். இரண்டு நாள் பேக்கேஜ் எடுத்துப் போகிறவர் வலியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து தினமும் சுவரில் முதுகு ஒட்டி, முழங்காலை 90 டிகிரி மடக்கி ஒரு நிமிடம் உட்காருங்கள், மூன்று முறை. கெண்டைக்காலுக்குப் படி விளிம்பில் நின்று எம்பி இறங்குங்கள். வட்ட உருளை மேல் பலகை போட்டு நின்று பழகலாம். புல்மேட்டில் சறுக்கிப் பார்க்கலாமே என்று பைக்காரா சாலையோரம் போய் இறங்க வேண்டாம். அவை சோலைக்காட்டுப் புல்வெளி, வனத்துறையின் காவலில் உள்ளவை, ஒருமுறை உரிந்தால் ஆறப் பல வருடம் ஆகும். அதற்குப் பதில், வீட்டுப் பக்கத்து இறக்கத்தில் தினமும் ஒருமுறை, பின்னால் சாயாமல் முழங்காலை மடக்கி எடையை முன்காலில் வைத்து மெல்ல இறங்கிப் பாருங்கள், காய்ந்த நாளில் மட்டும்.

அங்கே போன பிறகு மதியம் மூன்று மணிக்கு மேல் "கடைசியா ஒரு தடவை" என்று தோன்றும். தொடை தளர்ந்திருக்கும், வெயில் போய்த் தடம் மறுபடி இறுகத் தொடங்கியிருக்கும், நிழல் விழாத மங்கிய வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. அந்த ஒரு தடவையைக் கோண்டோலாவில் உட்கார்ந்து இறங்குங்கள்.